மியோஷி சானின் ஹிரோஷிமா

மியோஷி இசாவோ மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஹிரோஷிமாவுக்கு வேலை விஷயமாகப் போய்வருவார். அந்த ஹிரோஷிமா, ஒசாகாவின் நம்பா ரயில் நிலையத்திலிருந்து நாலு நிமிஷ நடையில், எங்கள் ஹோட்டலின் ஆறாவது மாடியில், 604 என்ற எண்ணில் இருக்கிறது. அவர் வீடு சகாயில். ரயிலில் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும்.

நான் மினோபே குனிகோ. பதினோரு வருஷமாக இந்த ஹோட்டல் வரவேற்பு மேஜையில் நிற்கிறேன். விருந்தாளியைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். ஆகவே நான் இந்த வேலையில் பட்ட பாடு வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

மனிதர் பொய்யராகப் பிறந்தவர் அல்ல. குழாய் வால்வு விற்கும் கம்பெனியில் துணைப் பிரிவுத் தலைவர். ஒரு காலத்தில் நிஜமாகவே ஹிரோஷிமா கிளைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். இரண்டு வருஷம் முன்பு கம்பெனி, இனிமேல் கூட்டமெல்லாம் கணினித் திரையிலேயே என்று சொல்லிவிட்டது. அதை வீட்டில் சொல்ல மறந்தார். அடுத்த மாதமும் மறந்தார். அப்புறம் சொன்னால் அசிங்கம் என்ற கட்டம் வந்துவிட்டது.

வீட்டில் மனைவி, மாமியார், இரண்டு பெண்கள். டிவி ரிமோட் மாமியார் கையில். வீடு முழுக்க ஒரே வெந்நீரில் முறைவைத்து ஊறும் குளியல் தொட்டியில் ஐந்தாவது ஆளாக இறங்குவார். அதற்குள் அது வெந்நீரா, வெறும் நீரா என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. 604-இல் அவரே முதல் ஆள், அவரே கடைசி ஆள். ஒரு மணி நேரம் தொட்டியில் ஊறுவார். கட்டிலில் சாய்ந்து ஆக்டோபஸ் உருண்டை சாப்பிட்டுக்கொண்டே பேஸ்பால் பார்ப்பார். நடுவில் வீட்டுக்கு போன். அதற்கு முன் டிவியில் ஹிரோஷிமா வானிலையைப் பார்த்துக்கொள்வார். "இங்க நல்ல மழை" என்பார். இவ்வளவுதான் அவர் செய்த பாவம்.

ஒரே தொல்லை, ஊருக்குப் போனவன் வெறுங்கையோடு வீடு திரும்ப முடியாது. ஹிரோஷிமா என்றால் மேப்பிள் இலை வடிவத்தில், பயறு பூரணம் வைத்த கேக். இல்லாவிட்டால் போனதாகவே கணக்கில்லை. எங்கள் தெருமுனையில் இருக்கும் பல மாடிக் கடையின் அடித்தளத்தில் எல்லா ஊர்ப் பலகாரமும் கிடைக்கும். ஆனால் அந்தக் கடை, எதை வாங்கினாலும் நீலக் கோடு போட்ட தன் காகிதத்தில்தான் சுற்றிக் கொடுக்கும். அந்தக் காகிதத்தை ஒசாகாவில் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். ஆகவே வியாழன் மாலை ஏழு மணிக்கு மியோஷி சான் கோட்டும் டையுமாகக் கீழே வந்து என்னிடம் கத்தரிக்கோல் கேட்பார். அறைக்குப் போய்க் காகிதத்தைப் பிரித்து எங்கள் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பெட்டியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பிப்ரவரியில் ஒரு வியாழன், மதியம் இரண்டு மணிக்கு ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பலகாரப் பெட்டி. மேஜை முன் நின்று இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

"என் வீட்டுக்காரர் உங்க தயவுல ரொம்ப காலமா நல்லா இருக்கார். இவ்வளவு நாள் வந்து நன்றி சொல்லாதது என் தப்பு. மியோஷி சுமியே என் பேருங்க."

நானும் அவசரமாகக் குனிந்தேன். "மன்னிக்கணும். தங்குறவங்க பத்தி நாங்க எதுவும்..."

"ஐயோ, அவர் இங்க தங்குறாரான்னு நான் கேக்கலை. நீங்களும் சொல்ல வேண்டாம். அப்படி ஒரு மனுஷன் இருந்தா, அவர் பெண்டாட்டி இதைக் குடுத்தான்னு வெச்சுக்குங்க."

"அப்படி ஒருத்தர் இருந்தா, அவர் சார்பா வாங்கிக்கிறேங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அவளுக்கு இரண்டு வருஷமாகவே தெரியுமாம். புத்தாண்டு வாழ்த்தில் பிரிவுத் தலைவரின் மனைவி, "வெளியூர்ப் பயணமெல்லாம் நின்னு போனது நிம்மதிதானே" என்று எழுதியிருந்தாளாம். பின்தொடர்ந்து வந்து பார்த்திருக்கிறாள். வேறு பெண் யாருமில்லை, ஆக்டோபஸ் உருண்டைதான் என்று தெரிந்ததும் ரயிலேறிப் போய்விட்டாள்.

"கோபம் வரலைங்களா?" எனக்கு வாய் நிற்கவில்லை.

"வந்தது. அன்னைக்கு ராத்திரி சமைக்காம பூண்டு போட்ட கொழுக்கட்டை பன்னெண்டு வாங்கித் தின்னேன். அவர் மெத்தையையும் என்னுதையும் சேர்த்துப் போட்டு குறுக்கால படுத்தேன். குறட்டை இல்லை. காலையில எந்திரிக்கும்போது கோபத்தைக் காணோம். மாசத்துல எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு ராத்திரிதாங்க."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லாத்தான் போச்சு. இன்னிக்குக் காலையில நான்தான் கொஞ்சம் ஓவராப் பண்ணிட்டேன். ஹிரோஷிமா குளிரும்னு வயித்துல கட்டுற கம்பளிப் பட்டை பின்னிக் குடுத்தேன். வாசல்ல நின்னு அவர் கண்ணைத் துடைச்சுக்கிறார். இருபத்தேழு வருஷமாப் பாக்கிறேன், அந்த முகம் எனக்குத் தெரியும். உண்மையைக் கொட்டிடப் போறார். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டு இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டார். என் ராத்திரி போச்சு. ஏதாவது செய்யுங்க, அக்கா."

மறுபடியும் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள்.

மாலை ஏழு மணி. மியோஷி சான் கோட்டும் டையுமாக, கையில் காகிதம் பிரிக்காத பெட்டியோடு இறங்கி வந்தார். மேஜை மேலிருந்த பலகாரப் பெட்டியைப் பார்த்தார். அதை உள்ளே எடுத்து வைக்க எனக்குத் தோன்றவேயில்லை. பதினோரு வருஷ அனுபவம்!

"அட, இது எங்க வீட்டுப் பக்கத்துக் கடைச் சரக்காச்சே! யாரு குடுத்தா?"

"ஒரு... விருந்தாளிங்க."

"ரசனையான ஆளு. இன்னிக்கே சாப்பிட்டுடுங்க, நாளைக்கு மாவு இறுகிடும்" என்றார். சந்தேகம் என்ற சாமானை அந்த மனிதருக்குள் வைக்கவே மறந்துவிட்டார்கள்.

கத்தரிக்கோலை நீட்டினேன். வாங்கவில்லை. சட்டையை லேசாகத் தூக்கிக் கம்பளிப் பட்டையைக் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

"பாருங்க மினோபே சான். இல்லாத குளிருக்குப் பின்னிக் குடுத்திருக்கா. நான் மனுஷனா? இன்னியோட நிறுத்திடலாம்னு இருக்கேன். வீட்டுல சொல்லிடப் போறேன்."

"சொல்றது உங்களுக்கு நிம்மதி. அம்மாவுக்கு நிம்மதியாங்க? ஒரு தடவை யோசிச்சுப் பாருங்களேன்."

"அவ மனசு ஒடைஞ்சு போகும். ஆனா ஏமாத்தக் கூடாது இல்லையா? வாயால சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால இந்தக் காகிதத்தைப் பிரிக்காம அப்படியே கொண்டுபோய்க் குடுத்துடறேன். பார்த்தா அவளுக்கே புரிஞ்சுடும்."

எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஐயா, அவளுக்கு எல்லாம் தெரியும், நீங்கள் வீட்டுக்கு வராத ராத்திரிக்காக அவள் நாள்காட்டி பார்த்துக் காத்திருக்கிறாள் என்று கத்தலாம் போலிருந்தது. கத்தினால் வேலை போகும், அவள் ராத்திரியும் போகும். "நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் மேலே போனதும் சுமியே கொடுத்த பெட்டியைத் திறந்து ஆறு பலகாரத்தை நின்றபடியே தின்று தீர்த்தேன். கவலை வந்தால் எனக்குப் பசிக்கும்.

அடுத்த மாதத்துக்கு அவர் அறை பதிவு செய்யவில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை திரையைப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை 604-இல் நகோயாவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் தங்கினார். எனக்கு அவர்மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. இரண்டு பேருக்கு இருந்த ஒரே ஒரு சின்ன சுகம், ஒரு முழம் காகிதத்தால் போய்விட்டதே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

மறுநாள் மதியம் மியோஷி சான் வந்து நின்றார். உணவு இடைவேளையில் ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"என்ன ஆச்சுங்க? காகிதத்தைப் பார்த்தாங்களா?"

"பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. எனக்கு உயிரே இல்லை. அப்புறம் சொல்றா, 'அட, ஹிரோஷிமாவுலயும் இந்தக் கடை கிளை திறந்துட்டாங்களா!'"

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நானும் ஆமான்னுட்டேன். நேத்து ராத்திரி அவளே கேக்கிறா, 'இந்த மாசம் ஏன் அனுப்பலை? ஹிரோஷிமா கேக்கு எங்களுக்கும் சலிச்சுப் போச்சு. சப்போரோ கிளைக்கு அனுப்பச் சொல்லிப் பாருங்களேன். அங்க வெண்ணெய் பிஸ்கட் பிரமாதமாம்'னு. அதோட விடலை. 'சப்போரோ தூரமாச்சே, ஒரே ராத்திரியில திரும்பினா உடம்பு கெட்டுப் போகும். ரெண்டு ராத்திரி தங்கிட்டே வாங்க'ங்கிறா."

மியோஷி சான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், மினோபே சான். அவளுக்கு ஒண்ணுமே தெரியலை."

நான் சட்டென்று குனிந்து வணங்கினேன். சிரிப்பு அடங்குகிற வரை நிமிரவே இல்லை.