முக்கால் வாங்கிய பட்டம்

ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு அவளுடைய உண்மையான பெயர் தெரியாது. முக்கால் என்றால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைக் கொண்டுவந்து விட்ட அண்ணன், வாசல் காவலாளியிடம், “என் தங்கச்சி முக்கால் பட்டதாரி சார், பாத்துக்கோங்க” என்று சொல்லிச் சிரித்தான். காவலாளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் மறுப்புச் சொல்லவில்லை. கணக்குப்படி அது சரிதான்.

கல்லூரியில் அவள் வேதியியல் படித்தாள். கடைசி வருடம் தொடங்கி மூன்று மாதமான சமயம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தாள். அண்ணன் வேறு ஊரில், புதுக் குடும்பத்தோடு இருந்தான். “கொஞ்ச நாளைக்கு நீ பாத்துக்கோ. அப்பறம் ஏதாவது பண்ணலாம்” என்றான். அந்தக் கொஞ்ச நாள் அவளுடைய இளமை முழுவதையும் எடுத்துக்கொண்டது. இடையில் ஆஸ்பத்திரியில் காலை நேர வேலை கிடைத்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தி, கத்தரிக்கோல், கவ்விகளைக் கழுவி, நீராவிப் பெட்டியில் ஏற்றி, பொட்டலம் கட்டும் அறை. அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா அப்பாவோடு உட்கார்ந்திருப்பார். மதியம் திரும்பி வந்தால் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது. அவர் பேசுவது அவளுக்கு மட்டுமே புரியும். பல நாட்கள் அவளுக்கும் புரியாது.

ஒரு மதியம் அவள் தண்ணீர் எடுத்துவரச் சமையலறைக்குப் போன நேரத்தில் அப்பா போய்விட்டார். அவள் கட்டிலருகே சிறிது நேரம் நின்றாள். கொண்டுவந்த தண்ணீரை அவளே குடித்தாள். பிறகுதான் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அவள் அழவில்லை. வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள். கல்நெஞ்சக்காரி என்று சித்தி யாரிடமோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்கியபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல, அவ்வப்போது மனதைத் தொட்டுப் பார்த்தாள். மரத்துத்தான் கிடந்தது.

சில மாதங்கள் அப்படியே போயின. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, காலி அறையின் வாசலில் நின்றுவிட்டுப் போவாள். ஒரு நாள் அண்ணி போன் செய்தாள்.

“இப்ப வீட்ல என்ன பண்றே?”

“ஒண்ணும் பண்ணல அண்ணி.”

“அந்தப் படிப்பையாவது முடிச்சிடேன். சும்மா உக்காந்திருந்தா மூளை துரு புடிச்சிடும்.”

மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்காததால் போனாள். கல்லூரியில் பாட ஆலோசகராக இருந்த பெண்மணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளுடைய பழைய மதிப்பெண்களைப் பார்த்தார்.

“வேதியியல்லயே முடிக்கணும்னா லேப் எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்மா. பொதுப் பட்டப்படிப்புன்னு ஒண்ணு இருக்கு. பாஸ் பண்ணினது எதுவும் வீணாப் போகாது. மீதிய எந்தத் துறையில வேணும்னாலும் எடுத்து நிரப்பிக்கலாம். உங்களுக்குப் பிடிச்சது என்ன?”

அவள் யோசித்தாள்.

“மேடம், எனக்கு வேலை இல்லாத நேரம், மதியத்துலயும் சனிக்கிழமையிலயும் எது நடக்குது?”

ஆலோசகர் கண்ணாடியை இறக்கி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு நேர அட்டவணையைத் திருப்பிக் காட்டினார்.

அப்படித்தான் அவள் நிலவியலும், புள்ளியியலும், குடும்பச் சமூகவியலும், இசையைக் கேட்பது எப்படி என்ற ஒரு பாடமும் படித்தாள். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பக்கத்து நாற்காலியில், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் உட்காருவார். எல்லோரும் அவரை டிரைவர் ஐயா என்பார்கள். இசை வகுப்பில் விளக்கை அணைத்ததும் அவர் குறட்டை விடுவார். அவள் முழங்கையால் இடித்தால், “கேட்டுக்கிட்டுதான்மா இருக்கேன், கண்ணு மட்டும்தான் தூங்குது” என்பார். வகுப்பே சிரிக்கும். சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்கும் தெரிந்தது. உதட்டை அதற்கேற்றபடி வைத்துக்கொண்டாள்.

சமூகவியலில் ஒரு பாடம் முழுக்க, வீட்டில் நோயாளிகளைப் பராமரிப்பவர்களைப் பற்றியது. கல்யாணமாகாத மகள்களுக்கென்று தனியாக ஒரு பத்தி இருந்தது. தூக்கமின்மை, தனிமை, இறப்புக்குப் பின் வரும் வெறுமை என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். பரீட்சையில் அதே கேள்வி வந்தது. புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினாள். எடுத்துக்காட்டுகள் போதவில்லை என்று சிவப்பு மையில் குறிப்போடு, தேறும் அளவுக்குத்தான் மதிப்பெண் வந்தது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார். அவளைவிட வயதில் சின்னவர்.

“நல்லாப் படிக்கறீங்க. ஆனா பதில் ரொம்ப வறட்சியா இருக்கு. உங்க வீட்ல யாரையாவது இப்படிப் பாத்துக்கிட்ட அனுபவம் உண்டா?”

“உண்டு சார். எங்க அப்பாவ.”

“அட, அதையே எழுதியிருக்கலாமே!”

“கேள்வியில அது கேக்கலையே சார்.”

ஆசிரியர் விடைத்தாள்களை அடுக்கத் தொடங்கினார். “சரிம்மா” என்றார். அவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் போகும்போது அந்தச் சிவப்பு மைக் குறிப்பு ஞாபகம் வந்து, திடீரென்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். இறங்கும் இடம் வருவதற்குள் அது அடங்கிவிட்டது.

மீதிப் பாடங்களையும் தேறினாள். பட்டமளிப்புக்கு அவள் போகாமலே இருந்திருப்பாள். அண்ணிதான் விடவில்லை. குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். இரவல் அங்கி தோளில் பெரிதாகத் தொங்க, மேடையேறி, யாரோ நீட்டியதை வாங்கிக்கொண்டு இறங்கினாள். டிரைவர் ஐயா பின்வரிசையிலிருந்து விசிலடித்தார். அவருக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி. கைதட்டல் எல்லாம் அடுத்த வீட்டு விசேஷத்தின் சத்தம்போல அவளுக்குக் கேட்டது.

அன்று ஓட்டலில் சாப்பாடு. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பரிமாறியவரிடம்கூட, “என் தங்கச்சி இன்னிக்குப் பட்டம் வாங்கிட்டா” என்றான். “அப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “நீ ஒரு மாசமாவது வந்து அவரைப் பாத்திருக்கலாம்ண்ணா.”

குரலில் கோபம் இல்லை. தண்ணீர் கேட்பதுபோலத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்தபோது தட்டிலிருந்த அப்பளம் அவள் கையில் தூளாகியிருந்தது. அதைப் பார்த்து அவளே ஆச்சரியப்பட்டாள். கையை மேஜைக்குக் கீழே மடிமேல் வைத்துக்கொண்டாள். அண்ணி குழந்தையைக் கை கழுவக் கூட்டிக்கொண்டு போனாள்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“வந்திருக்கலாம்” என்றான் கடைசியில். “பயமா இருந்துச்சு. நீ சமாளிச்சுக்கிறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

“சமாளிச்சேன்.”

“எம்மேல கோவமா?”

“தெரியலண்ணா. இருக்கும்னு நினைக்கறேன். இப்பதான் லேசா தெரியுது.”

அவன் தலையாட்டினான். வேறு சமாதானம் எதையும் அவன் சொல்ல முயலாதது அவளுக்குப் பரவாயில்லை என்றிருந்தது. ஆறிப்போன சாப்பாட்டை இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பு அறுவைப் பிரிவிலிருந்து வண்டி நிறையக் கருவிகள் வந்திருந்தன. கையுறையை மாட்டிக்கொண்டு குழாயைத் திறந்தாள். அதே தண்ணீர்தான், இன்று கொஞ்சம் அதிகமாகவே சுட்டது.