ஓகே பாஸும் கெபாஸும்

பினாங்குக்கு வந்த முதல் வாரத்தில், என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் நான் பட்டினி கிடக்கிறேன் என்றே நினைத்தார்கள். காலையில் வார்டுக்குள் நுழைந்தால், தரை துடைக்கும் அக்கா "டாக்டர், பசியாறிட்டீங்களா?" என்பார். எக்ஸ்ரே படம் கொண்டுவருபவரும் அதையே கேட்பார், வாசலில் நிற்கும் காவலாளியும் அதையே கேட்பார். யாழ்ப்பாணத்தில் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்பார்கள். பசி ஆறியதா என்று கேட்பதென்றால், ஆள் குறைந்தது மூன்று நாளாவது உண்ணாவிரதம் இருந்திருக்க வேண்டும். நான் இரகசியமாகக் கண்ணாடியில் என் கன்னங்களைச் சோதித்துக்கொண்டேன். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறல்தான் என்று தெரிய ஒன்பது நாளாயிற்று. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிக்கலாம். மூளைக்குள் மில்லிமீட்டர் அளந்து போகிறவனுக்கு, துடைப்பத்தோடு நிற்பவர் கேட்கும் கேள்வி விளங்கவில்லை. தமிழில்தான் கேட்கிறார், அதுவும் விளங்கவில்லை.

நான் நரம்பியல் அறுவை மருத்துவன். இலங்கையில் படித்து முடித்துவிட்டு, இங்கிலாந்தின் வடக்கில், வெயிலைச் செய்தித்தாளில் மட்டும் பார்க்கக்கூடிய ஒரு நகரத்தில் பல வருடங்கள் ஆராய்ச்சி செய்தேன். கை நடுக்கம் வந்தவர்களுக்கு மூளையின் ஆழத்தில் ஒரு சின்னப் புள்ளியைச் சுட்டுவிடுவது அப்போதைய வழக்கம். நடுக்கம் நின்றுவிடும். ஆனால் குறி தவறினால் பேச்சுக் குழறும், சுட்டதைத் திரும்பப் பெறவும் முடியாது. சுடுவதற்குப் பதிலாக, முடி போன்ற ஒரு கம்பியை அந்த இடத்தில் வைத்து மெல்லிய மின்சாரத்தை ஓடவிட்டால் என்ன என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிடலாம். அணைக்கக்கூடிய எதுவும் எனக்குப் பிடிக்கும். அதனாலேயே என் வாழ்நாள் இந்த வேலையில் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் பினாங்கில் ஒரு மருத்துவமனை இதைத் தொடங்க ஆள் தேடியபோது, இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினேன். தமிழ் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், பாஷைப் பிரச்சினை வராது என்று பேராசிரியரிடம் பெருமையடித்துவிட்டுத்தான் வந்தேன்.

முதலில் கிடைத்த நோயாளி காதர் அண்ணை. ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். அவர் தந்தை தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவராம். ஒரு கோப்பையிலிருந்து மறு கோப்பைக்கு ஒரு முழம் உயரத்தில் தேநீரை இழுத்து ஆற்றுவதில் பேர்போனவர். ஐந்தாறு வருடமாக வலது கை ஆடத் தொடங்கி, இப்போது எதிரே நிற்பவர் சட்டையில்தான் தேநீர் விழுகிறது. "நான் ஆத்தவே வேணாம் டாக்டர், கையே ஆத்திடும் லா," என்று, இந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா'வையும் சேர்த்து, முதல் நாளே சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதையே இவர் விட்டுவிட்டார், நாலு பேர் முன்னால் ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் குடிக்க வெட்கப்படுகிறார் என்று அவர்தான் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இந்த அறுவையில் நோயாளி விழித்திருக்க வேண்டும். தலையை ஓர் இரும்புச் சட்டத்தில் திருகி அசையாமல் வைத்து, மரக்க ஊசி போட்டு, மண்டையில் சிறு துளையிட்டுக் கம்பியை இறக்குவோம். மூளைக்கு வலி தெரியாது. மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சுக் குழறினால் கம்பி தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எனவே நான் எங்கள் ஊர்ப் பழக்கத்தில், "காதர் அண்ணை, நிப்பாட்டாமல் கதையுங்கோ," என்றேன்.

அவர் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். பிறகு, "என்ன கதை டாக்டர்?" என்றார்.

"என்ன கதையெண்டாலும் பரவாயில்லை. கதையுங்கோ."

மூளையில் கம்பியோடு படுத்திருந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு ஊருல ஒரு ராஜா லா," என்று ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் வெறும் பேச்சு என்று விளக்க அது நேரமில்லை. அந்த ராஜாவுக்கு ஒரு சோம்பேறி மந்திரி. மந்திரி வேறு யாருமில்லை, காதர் அண்ணையின் மைத்துனர்தான் என்பது இரண்டு நிமிடத்தில் எங்களுக்கு விளங்கிவிட்டது. நான் கருவியைப் பார்த்தபடியே "ஓம்... ஓம்..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். கதை நின்றது. பக்கத்தில் அவர் கையைப் பிடித்திருந்த தாதி ரொகாயாவிடம் அவர் மெதுவாகக் கேட்டார்: "மிஸி, டாக்டர் மந்திரம் ஓதுறாரு. கேஸ் மோசமா?"

ரொகாயா மலாய்க்காரப் பெண். தமிழ் அரைகுறையாக விளங்கும். நான் ஓதவில்லை, எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம் என்று ஆங்கிலத்தில் நான் சொல்ல, அவர் அதை மலாயில் சொல்ல, காதர் அண்ணை நிம்மதியாகி ராஜாவை மறுபடி அரியணையில் ஏற்றினார்.

மின்சாரத்தை இன்னொரு படி கூட்டினேன். அப்போதுதான் அது நடந்தது. நீட்டியிருந்த கையின் ஆட்டம் தளர்ந்து, சிறுத்து, நின்றது. பல வருடக் கணக்குகளும் வரைபடங்களும் அந்தக் கையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. காதர் அண்ணை தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். "ஓகே பாஸ்" என்று என் காதில் விழுந்தது. இந்த ஊரில் கடைக்காரர், பஸ்காரர் எல்லாரும் எல்லாரையும் பாஸ் என்றுதான் அழைப்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஓம், ஓகே!" என்றேன். அவர் இன்னும் அழுத்தமாகச் சொன்னார். நானும் இன்னும் அழுத்தமாக ஓகே சொன்னேன். கம்பியை அந்த இடத்திலேயே பொருத்திவிடத் திருகாணியை எடுத்தேன்.

"டாக்டர், ஸ்டாப்!" என்று ரொகாயா கத்தினார். "நாட் பாஸ். கெபாஸ்! கெபாஸ்! நம்ப்!"

கெபாஸ் என்றால் மலாயில் மரத்துப் போதல். உதடும் விரல்களும் மரத்துப் போகின்றன என்று அந்த மனிதர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், நான் இரண்டு தடவையும் நன்றி சொல்லாத குறையாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன். கம்பி சற்றுப் பின்னால் போய், தொடுவுணர்ச்சிக்கான பகுதியை உரசிக்கொண்டு இருந்தது. அப்படியே பொருத்தியிருந்தால் அவர் கை ஆடாது. ஆனால் மின்சாரம் ஓடும் நேரமெல்லாம், உதட்டில் படுவது சூடா குளிரா என்று தெரியாத ஒரு தேநீர்க்காரரை நான் உண்டாக்கியிருப்பேன். அல்லது மறுபடி தலையைத் திறக்க வேண்டியிருந்திருக்கும். திருகாணியைக் கீழே வைத்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். அந்தச் சொல்லுக்கு யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

கம்பியை வெளியே எடுத்து, இரண்டு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி மறுபடி இறக்கினோம். இம்முறை ஒவ்வொரு படியிலும் "கெபாஸ்?" என்று நானே கேட்டேன். "இல்ல... இல்ல..." என்றார். கை நின்றது. ரொகாயா ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தார். காதர் அண்ணை அதை உயர்த்தி, கண்ணெதிரே பிடித்து, பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் தளும்பவில்லை. கதையை அதோடு விட்டுவிட்டார். ராஜாவுக்கும் மந்திரிக்கும் என்னவாயிற்று என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் வார்டில் நான் தவறை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கட்டுப் போட்ட தலையோடு யோசித்துவிட்டு, "நம்ம தமிழ் டாக்டராச்சேன்னு நம்பி வந்தேன். கடைசில மலாய்க்கார மிஸிதான் நம்ம ரெண்டு பேருக்கும் தமிழ் சொல்லிக் கொடுத்திச்சு," என்றார். அன்றே ஒரு பெரிய தாளில், மரத்தல், எறும்பு ஊர்தல், பாரம், இழுப்பு என்று ஒவ்வோர் உணர்ச்சிக்கும் மலாய், இங்குள்ள சீனர் பேசும் ஹொக்கியன், இந்த ஊர்த் தமிழ் மூன்றிலும் சொல் கேட்டு எழுதி அறுவையறைச் சுவரில் ஒட்டினேன். பிரதியொன்றைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். நீ மூளையை ஆராய்கிறாயா, அகராதி தொகுக்கிறாயா என்று பதில் வந்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம் காதர் அண்ணை பரிசோதனைக்கு வந்தார். சட்டைக்குள், கழுத்தெலும்புக்குக் கீழே, கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு பட்டரிப் பெட்டி தோலுக்கடியில் புடைத்துக்கொண்டிருந்தது. அன்றுதான் யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்காவின் கடிதம் யார் யார் கையிலோ மாறி வந்து சேர்ந்திருந்தது. அங்கே போர். மின்சாரம் போய்ப் பல வருடம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் "வீட்டுல சேதியா டாக்டர்?" என்று கேட்டதால் வாசித்துக் காட்டினேன்:

"தம்பி, சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவிலதான் ரேடியோ கேக்கிறம். அத்தான் சுத்துவார், நான் செய்தி கேப்பன். கெட்ட செய்தியெண்டால் அவர் சுத்துறதை நிப்பாட்டிப்போடுவார். நீ ஆக்களின்ர தலைக்குள்ள கரண்ட் விடுறியாம். இஞ்சாலயும் கொஞ்சம் விடன்."

"நாலு பேட்டரி வாங்கி அனுப்பிடுங்க டாக்டர்," என்றார்.

"விடமாட்டாங்கள் அண்ணை. பட்டரி அங்க அரசாங்கம் தடைசெய்த சாமான்."

காதர் அண்ணை தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். "அப்ப என்னை அனுப்புங்க லா. இதை யாரு திறந்து பாக்கப் போறான்?"

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு வந்த இடத்திலிருந்தே வேறெதுவோவும் வந்தது, முகத்தைத் திருப்பிக் கருவியைத் தேடினேன். சோதனைக்காகக் காந்தத்தை அவர் நெஞ்சின்மேல் காட்டிப் பெட்டியை அணைத்தேன். கை ஆடத் தொடங்கியது. மறுபடி காட்டினேன், விரல் நுனியில் ஒரு சிறு துடிப்பு மட்டும் மிஞ்ச, அடங்கியது. மேலே சுழன்ற மின்விசிறியின் காற்றில் அக்காவின் கடிதம் மேசையிலிருந்து எழும்பப் பார்த்தது. இடக்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் கருவியில் அவருடைய மின்சாரத்தை ஒரு படி கூட்டினேன்.