மேடையில் நான் வெட்டிய இரண்டு அழைப்புகள்

வெற்றியைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். இன்னும் இருபது நிமிடத்துக்குக் கைவசம் சரக்கு இருந்தது. தேநீர் ஆறிப்போகும் என்று அறிவிப்பாளர் கண்ணைக் காட்டியதால்தான் விட்டேன்.

எனக்குத் தொழில் கூடாரம் வாடகைக்கு விடுவது. கூடவே மேசை, நாற்காலி, மின்விசிறி. மலாக்காவில் நம்மவர் வீட்டில் நல்லதோ கெட்டதோ, முதல் போன் ஐயருக்குப் போகும், அடுத்தது எனக்கு. சில வீடுகளில் ஐயருக்கு முன்னாலேயே எனக்கு. இதை நான் சொல்ல ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

ஒரு பழைய லாரி, நான்கு கூடாரம் என்று தொடங்கியவன், இப்போது பத்து பெரண்டாம் என்ற ஊரில் சொந்தக் கிடங்கு வைத்திருக்கிறேன். இந்த வளர்ச்சிக்கு இரண்டு விதிகள்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதலாவது, சாவு வீட்டுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பே நாள் குறித்துவிடுகிறார்கள். சாவுக்கு யார் குறிப்பது? இரண்டாவது, சாவு வீட்டுக்குப் போன கூடாரம் கல்யாண வீட்டுக்குப் போகக் கூடாது. துக்கத்துக்கும் கருமக்கிரியைக்கும் நீலக் கூடாரம். நல்ல காரியத்துக்கு வெள்ளை, ஓரத்தில் ஜரிகைத் தொங்கலோடு. கல்யாண வீட்டுப் பெண்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே, "இது எங்கெங்க கட்டுனதுங்க?" என்றுதான் விசாரிப்பார்கள். "நம்ம வெள்ளை செட்டு சாவு வீட்டு வாசலப் பாத்ததே இல்லைங்க" என்பேன். அந்த ஒரு பதிலுக்காகவே செர்காமிலிருந்து வந்து பதிந்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு சங்கத்தார் கூப்பிட்டார்கள். மலாக்கா டவுனில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை. அடுத்த ஞாயிறு என் மகளுக்குக் கல்யாணம்.

"வேலை தலைக்கு மேல கெடக்கு, இப்பப் போயி பேச்சா?" என்றாள் மனைவி.

"ஜெயிச்சவன் சமுதாயத்துக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"குடுங்க. அதுக்கு எதுக்குப் புதுக் கோட்டு?"

மண்டபத்துக்கு வெளியே சாப்பாட்டுக் கடைகள் போடக் கூடாரம் கேட்டார்கள். நீல செட் முழுவதையும் இலவசமாகக் கொடுத்தேன். இலவசம் என்றால், ஒவ்வொரு கூடாரத்திலும் என் கம்பெனிப் பெயர், பக்கத்திலேயே கை கட்டி நிற்கும் என் படம். அவ்வளவுதான் நான் கேட்டது.

"நாலு நீலத்தையாவது கெடங்குல வைங்க. யாராவது தவறிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமை காலையில யாரு சாகப்போறா?"

இந்த ஞானவாக்கை உதிர்த்தவன் நான்தான். மறுக்கவில்லை.

வாடகைக்கு விடும் வெள்ளைக் கூடாரங்கள் அன்று கல்யாண வீடுகளுக்குப் போயிருந்தன. கிடங்கில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு புது வெள்ளை செட். மகளின் நலங்குக்கும் விருந்துக்கும் எங்கள் தாமான் குடியிருப்பின் ரோட்டை மறித்துக் கட்டுவதற்காகத் தைத்தது. அதற்கு ஜரிகை தேர்ந்தெடுத்தவர் மாப்பிள்ளையின் அம்மா. மூன்று கடை ஏறி இறங்கி நான்காவது கடையில் எடுத்தார். சகுனம் பார்ப்பதில் அவருக்கு ஈடு இல்லை. புடவைக் கடையில் பல்லி சத்தம் கேட்டுப் பாதி பார்த்த புடவையை மடித்து வைத்துவிட்டு இறங்கி வந்த அம்மா அவர்.

மேடையில் இரண்டாவது விதியை விளக்கிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. வெட்டினேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் வெட்டிவிட்டு, "எவ்வளவு பெரிய முதலாளியா இருந்தாலும் வீட்டுல இருந்து போன் வரத்தான் செய்யும்" என்றேன். மண்டபம் சிரித்தது. எனக்கு உற்சாகம் கூடிவிட்டது.

கடைசியில் ஒரு இளம்பெண் எழுந்து, "சார், உங்க ரெண்டு ரூலும் ஒரே நாள்ல மோதுனா எதை விடுவீங்க?" என்று கேட்டாள். நல்ல நிர்வாகி மோத விடமாட்டான் என்று பதில் சொன்னேன். கைத்தட்டினார்கள். அந்த நேரத்தில் என் லாரி கிடங்கை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.

வடையும் தேநீருமாக வெளியே வந்து மனைவியைப் போனில் அழைத்தேன்.

"லூபோக் சீனா பக்கம் எஸ்டேட்ல ஒரு பெரியவரு தவறிட்டாரு. அங்க நல்ல மழையாம். லயத்து வாசல்ல சனங்க நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க. அனுப்பிட்டேன்."

"எதை அனுப்பின?"

"கெடங்குல என்ன இருந்துச்சோ அதை."

வடையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன். கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இந்தச் சேதி சம்பந்தியம்மா காதுக்குப் போனால் கல்யாணம் நின்றாலும் நின்றுவிடும். மலாக்காவில் நம்மவர்களிடையே எந்தச் சேதியும் ஒரு பொழுதுக்கு மேல் மறைந்திருந்ததில்லை. மாமியார் வீட்டில் கால் வைப்பதற்கு முன்பே என் மகள் தலைகுனிய வேண்டி வரும். அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

சாப்பாட்டுக் கடைகளின் கடைசியில் இருந்த இரண்டு நீலக் கூடாரங்களைப் பிரிக்கச் சொன்னேன். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் அதில் ஒன்றின் கீழே உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டோடு அவரைப் பக்கத்துக் கூடாரத்துக்கு மாற்றினோம். கூடாரங்களை இன்னொரு லாரியில் ஏற்றி முன்னால் விட்டு, பின்னாலேயே காரில் போனேன். யார் கண்ணிலும் படுவதற்குள் மாற்றிக் கட்டிவிட்டு வெள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது திட்டம்.

மஸ்ஜித் தானா தாண்டியதும் மழை கொட்டியது. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளை அடைந்தபோது தூரத்திலிருந்தே தெரிந்தது, என் மகளின் கல்யாணக் கூடாரம். சேற்றுக்கு நடுவே வெள்ளை வெளேர் என்று, ஜரிகையெல்லாம் மின்ன. நடுவில் பெட்டி, சுற்றிலும் நாற்காலிகள். முன் வரிசையில் முதல் நாற்காலியில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இறந்தவர் எஸ்டேட் லாரி டிரைவர். அந்தக் காலத்தில் பிள்ளைகளைத் தினமும் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிப் போனவர். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சம்பந்தியம்மா. எனக்கு அந்தம்மாவை டவுன்காரராகத்தான் தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார். நனைந்த கோட்டைப் பார்த்தார். லாரியில் இருந்த நீலத்தையும் பார்த்தார்.

"சம்பந்திம்மா, பெரிய தப்பு நடந்துபோச்சு. இப்பவே மாத்திக் கட்டிடுறோம்" என்றேன்.

அவர் தலையைத் தூக்கித் தான் எடுத்த ஜரிகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அவுத்தா அவரு நனைவாரு சம்பந்தி" என்றார். "எங்கள ஏத்திட்டுப் போன லாரிக்குக் கூரை கெடையாது. மழை வந்தா தன் சட்டையக் கழட்டி எங்க புஸ்தகத்த மூடிட்டு வெறும் ஒடம்போட ஓட்டுவாரு. இன்னிக்காச்சும் நனையாம போகட்டும்."

நலங்குக்கு வேறு கூடாரம் ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்று முணுமுணுத்தேன்.

"எதுக்கு? அலசி வெயில்ல போட்டா ஆச்சு. நான் எடுத்த ஜரிகையில எவ குத்தம் சொல்றான்னு பாக்குறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கோடியில ஒழுகுது. அதையும் பாத்துத் தைக்கச் சொல்லுங்க" என்றார்.

நீலக் கூடாரங்கள் இரண்டையும் சமையல்காரர்களுக்குப் பின்பக்கம் கட்டினோம். கோட்டைக் கழற்றிவிட்டு நானும் ஒரு கயிற்றைப் பிடித்தேன். பெரியவரை எடுக்கும்வரை இருந்துவிட்டுத்தான் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வெற்றிலைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அவளும் காலையிலிருந்து பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"பொண்ணு கல்யாண விஷயம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். எங்கேயாவது முதலாளியாக இருக்க வேண்டுமே.

"கேட்டேனே. நம்ம பொண்ணுகிட்டதான் கேட்டேன். குடுங்கன்னுட்டு அவளே கூட நின்னு லாரியில ஏத்திவிட்டா."

"என்கிட்ட?"

"உங்களுக்கும்தான் ரெண்டு தடவ அடிச்சேன். நீங்கதான் வெட்டுனீங்க."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "எடுத்திருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

"தெரியும் லா" என்றாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதான் நீங்க மேடையில நிக்கிற நேரமா பாத்து அடிச்சேன்."