மூன்று ஞாயிறு ஓலை

ஆஸ்பத்திரித் தாளில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒயர்மேன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். எனக்கு அவர் ஐந்தாவது வரைக்கும் ஒரே வகுப்பு, அதற்கப்புறம் எதிர்வீடு. நான் கல்யாணம் ஆகாமல் கான்வெண்டில் பூத்தையல் போட்டே காலம் தள்ளினவள். அவர் மனைவியைப் பறிகொடுத்தவர். மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது தம்பி வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் அவரிடம்தான் சொன்னேன். சதை எடுத்துச் சோதிக்க அந்தத் தாளில் கையெழுத்து வேண்டும். நர்சம்மா அவசரத்தில், "வீட்டுக்காரர்தானே, போடுங்க" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போட்டுவிட்டார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது, "நீ இல்லன்னு சொல்லலையே" என்றார்.

"நீயுந்தான் சொல்லல."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

புற்றுநோய் என்று முடிவு வந்த அன்றைக்கே கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "ஒருத்திய பாத்துப் பாத்துப் பொதச்சவன் நீ. இன்னொரு வாட்டி ஒனக்கு அது வேணாம்." அவருக்குக் கோபம் வரவில்லை. "கட்டிக்கலன்னா மட்டும் நீ போனா நான் அழாம இருப்பேனா? அழுவறதுக்கு ஒரு மொறை குடு" என்றார். அறுபத்தெட்டு வயசில் இது என்ன என்று எனக்குக் கூசியது. ஆனால் தெருமுனையில் அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நோவு இருக்கிற இடமே மறந்துபோகிறதே, அதை யாரிடம் சொல்ல?

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன், இன்னார் மகள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. ஆபரேஷனுக்கு ஒரு மாதம்கூட இல்லை என்பதால், ஓலை இல்லாமலே முடித்துவிடலாம், அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார் பங்குச் சாமியார். "விட்டுடுங்க சாமி, இவளுக்கு வெக்கம்" என்று ஒயர்மேனும் சொன்னார். பூசையில் வாசகம் படிக்கக்கூட எழுந்து நிற்காதவள் நான். எப்படித்தான் வாய் வந்ததோ, "வாசிங்க சாமி. எங்கப்பா பேரச் சொல்லி என்னய ஒரு வாட்டியும் ஓலை வாசிச்சதில்ல" என்றேன்.

முதல் ஞாயிறு தூணுக்குப் பின்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் ஒரு பெண், "யாருடி பொண்ணு, நம்ம தெருவா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்தது, ஆபரேஷனும் ஆனது. இப்போது மருந்து ஏறுகிறது, முடியெல்லாம் போய்விட்டது. தேறுவேனா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் உட்கார்ந்து யோசித்தால் எனக்கு அந்த மூன்றாவது ஞாயிறுதான் நினைவுக்கு வரும். சாமியார் கடைசி முறையாகத் தடை கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். எனக்குத் தெரிந்த ஒரே தடை என் உடம்புக்குள் இருந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒயர்மேன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.