மூன்றாம் தரம் கேட்டால்தான் வெர்னா

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடகோடியில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் வெர்னா ஸ்கோகனுக்குச் சிறுவயது முதல் இன்சுலின்தான் உயிர். ஒரு வருடமாக அதைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். விலை அப்படி. எடை கரைந்தது, கண் மங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்சுலின் விலைக்கு வரம்பு கட்ட மசோதா வருகிறது என்றதும், எப்படியோ கண்டுபிடித்துவிட்ட தோழி ஆர்டிஸ்தான் அவளைத் தரதரவென்று தலைநகருக்கு இழுத்துப் போனாள்.

அவர்கள் ஊர்ப் பக்கத்தில் காபி வேணுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டாலும் வேண்டாம்தான். மூன்றாம் தரம் கேட்டால்தான் கோப்பையை நீட்டுவார்கள். முதல் தரமே வாங்கிக்கொண்டால் அலைகிறாள் என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

மசோதாவை விசாரித்த சட்டமன்றக் குழுவின் தலைவி கிரோகா, டெக்சாஸிலிருந்து குடிவந்தவர்; இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது.

"வெர்னா ஸ்கோகன், நீங்க பேசுறீங்களா?"

"ஐயோ, பரவாயில்லீங்க. மத்தவங்க பேசட்டும்."

"நிஜமாவா?"

"எனக்கென்னங்க அவசரம்."

"சரி, நன்றி. ஓட்டெடுப்புக்குப் போகலாம்."

பாதி எழுந்த வெர்னா அப்படியே நின்றுவிட்டாள். ஆர்டிஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா தாயே, நிறுத்துங்க! எங்க ஊர்க்காரிய மூணாந் தரம் கேட்டாத்தான் வாயத் தொறப்பா!"

"உண்மைதாங்க மேடம்," என்றார் வடக்குத் தொகுதிக்காரரான கிழ உறுப்பினர். "நானே காலையிலேர்ந்து ஒரு காபிக்கு அப்படித்தான் காத்துட்டிருக்கேன்."

மண்டபமே குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரோகா மூன்றாம் தரம் கேட்டார்.

"எதுக்கும் வேண்டாம்னு சொல்லியே வளந்துட்டேங்க," என்றாள் வெர்னா. "பாதி மருந்து போதும்னு இந்த ஒடம்புக்கும் சொல்லிப் பாத்தேன். அதுக்கு எங்க ஊர் மரியாதையெல்லாம் தெரியல. எனக்கு முழுசா வேணும்."

இத்தனை பேர் முன்னால் வேணும் என்றதில் காது வரை சிவந்துபோனாள். மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தப்பியது. குளிர்காலம் போய்ச் சட்டமும் ஆனது.

சட்டம் அமலுக்கு வந்த அன்று, மருந்துக்கடை வாசலில் காருக்குள்ளேயே சட்டையைத் தூக்கி, டாக்டர் சொன்ன அளவு முழுதையும் போட்டுக்கொண்டாள். ஊசியை உருவும் முன்பே சிரிப்பு பீறிட்டு வந்தது.

"ஆடாதடி, ஊசி ஒடிஞ்சிரும்! அப்படி என்ன சிரிப்பு?" என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த ஆர்டிஸ்.

வெர்னாவுக்கு வயது நாற்பத்தொன்று. ஊசியை உருவி வைத்துவிட்டு, சிரிப்பும் அழுகையுமாக ஆர்டிஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆர்டிஸ், நான் கிழவியாகப் போறேன்டி!"