இருட்டுக்குப் பழகாத கண்

கொட்டச்சேடு என்ற மலையூருக்கு மேலே, காப்பிச் செடி முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் மாதப்பனுக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது. எதுவும் விளையாத மேடு. ஊரடங்கு தளர்ந்த வருடம் பெங்களூரிலிருந்து நாலு பேர் வந்து, நட்சத்திரம் பார்க்க ஒரு ராத்திரி கூடாரம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். மறுமாதம் எட்டுப் பேர் வந்தார்கள். அதன் பிறகு மாதப்பனே ஆறு கூடாரங்கள் வாங்கிப் போட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது.

தொழிலை ஒழுங்காகத்தான் கற்றுக்கொண்டார். வானம் பார்க்க வந்த ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி எல்லா டார்ச்சின் முகப்பிலும் சிவப்புத் தாள் ஒட்டினார். சமையல் அடுப்பைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி மறைத்தார். இருட்டில் இருபது நிமிடம் உட்கார்ந்தால்தான் கண் பழகும் என்பதை வருகிறவர்களிடமெல்லாம் அழுத்திச் சொல்வார்.

"ஏனுங்க சார், போனை உள்ள வைங்க. ஒருக்கா வெளிச்சம் பட்டுதுன்னா மறுபடியும் மொதல்லருந்து இருபது நிமிசம்."

டிசம்பர் பதின்மூன்றாம் தேதி எரிநட்சத்திரங்கள் நிறைய விழும். அன்றைக்கு மேட்டில் இடமிருக்காது. ஒவ்வொன்று விழும்போதும் பாறையிலிருந்து 'ஓ'வென்று சத்தம் எழும். தார்ப்பாய்க்குப் பின்னால் மாதப்பனின் மனைவி முத்தாயி மாவுக் கையோடு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். முதல் வருடம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கீங்க?"

"மேலயே பாரு. அடுப்பு வெளிச்சத்துலருந்து வந்திருக்கற. பொறு, கண்ணு பழகோணும்."

ஐந்து நிமிடம் நின்றாள். யாரோ, "அக்கா, சப்பாத்தி!" என்றார்கள். உள்ளே போய்விட்டாள். இரண்டாம் வருடமும் அப்படியே.

மூன்றாம் வருடம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து, முக்காடு போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சுற்றிலும் இருந்தவர்கள் கை நீட்டிக் கத்தினார்கள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க."

"பொகையில நிக்கற கண்ணு. உனக்கு நாப்பது நிமிசம் ஆவும்" என்றார் மாதப்பன். வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்தக் காலத்தில்தான் முத்தாயி கூடாரக் கயிறுகளில் இடறத் தொடங்கினாள். "இவ நடந்தா கூடாரமும் கூட நடக்கும்" என்று மாதப்பன் கேலி செய்தார். "கவுத்த வழியில கட்டிப்போட்டு என்னையச் சொல்றீங்களா?" என்று அவளும் விடவில்லை. கயிற்றுக்கெல்லாம் வெள்ளைத் துணி கட்டிவிட்டார். அப்போதும் இடறினாள். ஒருநாள் பட்டப்பகலில் காலடியில் இருந்த கோழியை மிதித்தாள். கவனமில்லை என்று அவளைத் திட்டினாரே தவிர, அதைக் கண்ணோடு சேர்த்து அவர் யோசிக்கவில்லை. வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்குகிறவளுக்கு, ஊசியில் நூல் கோக்கிறவளுக்குக் கண்ணில் என்ன கோளாறு வரப்போகிறது?

போன பங்குனியில் சேலத்திலிருந்து ஜோஸ்லின் என்ற பெண் தோழிகளோடு வந்தாள். கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவுச் சாப்பாட்டின்போது முத்தாயியின் பக்கவாட்டில் நின்று தட்டை நீட்டினாள். முத்தாயி திரும்பவில்லை. மறுபடி நீட்டினாள். அப்போதும் இல்லை.

காலையில் ஜோஸ்லின் அவளைப் பாறையில் உட்காரவைத்து ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னாள். தன் கையைப் பக்கவாட்டில் விரித்துப் பிடித்தாள்.

"என் மூக்கையே பாருங்கக்கா. வெரல் ஆடுறது தெரியுதா?"

"எந்த வெரலு சாமி?"

டீக் கெட்டிலோடு பத்தடி தள்ளி நின்ற மாதப்பனுக்கு அந்த விரல் நன்றாகத் தெரிந்தது. ஜோஸ்லின் கையை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். கை ஏறக்குறைய ஜோஸ்லினின் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் முத்தாயி, "ஆ, இப்பத் தெரியுது" என்றாள்.

"எத்தன நாளா இப்படி?"

"நொம்ப நாளாத்தான். அடுப்புகிட்ட நிக்கறதால கண்ணு பழக நேரமாவும்னு இவிங்க சொல்லுவாங்க."

ஜோஸ்லின் மாதப்பனைப் பார்த்தாள். "விடிஞ்சு ரெண்டு மணி நேரமாச்சுங்கய்யா" என்றாள்.

அந்த வாரமே சேலத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருந்தது. ஒரு கண் அநேகமாகப் போய்விட்டது. மற்றதில், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் பார்வை இருந்தது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது என்றார் டாக்டர். "ஒரு ரெண்டு மூணு வருசம் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கியவர், மாதப்பனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மருந்து விடும் முறையை மாதப்பன் கற்றுக்கொண்டார். கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

இந்த டிசம்பரில் பதின்மூன்றாம் தேதிக்கு யாரையும் சேர்க்கவில்லை. களி கிண்டி இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள்.

"வரிசையா மூணு நிக்குதே, அது தெரியுதுங்க" என்றாள்.

அசையாமல் நிற்பதை அவளால் தேடிப் பிடிக்க முடிந்தது. ஓடுவதைப் பிடிக்க முடியவில்லை. கிழக்கே ஒன்று நீளமாகக் கிழித்துக்கொண்டு போனது. மாதப்பன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"போச்சுங்களா?"

"இல்ல."

அடுத்தது தலைக்கு மேலே போனது. "இப்ப?"

"இல்ல புள்ள. இன்னைக்கு மேகமா இருக்குது."

"மேகமா இருந்தா அந்த மூணு எப்படித் தெரியுமாம்?"

மாதப்பன் கம்பளியை அவள் தோளுக்கு இழுத்துவிட்டார்.

"விழுந்தா விழுந்துதுன்னு சொல்லுங்க. எந்தப் பக்கம், எத்தன நீட்டம்னு சொல்லுங்க. வந்தவங்களுக்கெல்லாம் விடிய விடியச் சொன்னீங்கல்ல?"

சொன்னார். கிழக்கால என்றார், தெக்கால என்றார், பச்சையா ஒண்ணு என்றார். ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன பக்கம் அவள் தலையைத் திருப்பினாள். அதற்குள் அது அணைந்திருந்தது. ஏழெட்டுக்குப் பிறகு மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கே உன்னைய நான் கூட்டிட்டுப் போயிருந்தா..."

"அதைப் பேசி இப்ப என்ன ஆவப்போவுது? மேல பாருங்க. நீங்களும் கீழ பாத்தா ரெண்டு பேருக்குமே போயிரும்."

அவர் நிமிர்ந்தார். அதற்குள் ஒன்று போயிருக்கலாம். இருவருமே பார்க்கவில்லை.