ஆறு பொட்டியும் கட்சிப் பாட்டும்

நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சு எங்கூர்ல நான் வாங்குன பட்டம் ‘பொட்டிக்காரன்’.

கேஸ் கொழாய் போடுறோம்னு சர்வே ஜீப்பு வந்துட்டு இருந்த நேரம். பயிரு நிக்குதேன்னுலாம் பாக்க மாட்டானுங்க, கல்ல நட்டுட்டுப் போயிடுவானுங்க. கொழாய் போற வழில இருக்குற ஆறு வயக்காரங்களும் சேந்து மறிச்சா ஜீப்பு திரும்பிடும். மூணு பேருன்னா “ஓரமா நில்லுங்க”ன்னுட்டு நடுவானுங்க. போன் பண்ணலாமேம்பீங்க. சேத்துல எறங்குறவரு போன வீட்டுல சார்ஜ்ல போட்டுட்டுதான் வருவாரு.

அதான் நான் களத்துல குதிச்சேன். இடுப்புல சொருகிக்கிற மாதிரி ஆறு குட்டிப் பொட்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு பஸ்ஸர், செத்துப்போன செல்போன்லேர்ந்து புடுங்குன வைப்ரேஷன் மோட்டார். பம்புசெட்டு சத்தத்துல பஸ்ஸர் கேக்காதுல்ல, அதுக்குதான் அது. மெயின்ரோட்டு டீக்கடை அக்காகிட்ட பட்டன். ஜீப்பப் பாத்தா அமுக்கணும்.

ட்ரையல் சூப்பர். பீப் பீப்னு கத்தி, கிடுகிடுன்னு ஆடுச்சு. “மாப்ள, இடுப்புல தவள பூந்த மாதிரி இருக்குடா”ன்னு மாமா, அம்மாவோட தம்பி, துள்ளிக் குதிச்சாரு.

எங்கப்பாவுக்குதான் பொறுக்கல. “என்னடா, லாரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி கத்துது. நம்ம கட்சிப் பாட்டப் போடுறா.”

அறிவாளி நான், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஃப்ரீக்வென்ஸி தேடி ப்ரோக்ராம்ல ஏத்துனேன். ஆறு பொட்டிலயும் ஏத்துனேன். மாமாவும் இன்னும் ரெண்டு பேரும் எதிர்க்கட்சி. அவங்ககிட்ட ‘அப்டேட்டு’ன்னு மட்டும் சொன்னேன். அதுக்கும் மேல ஒரு கூத்து, பாட்டு முழுசா முடிஞ்சாதான் மோட்டார் ஆடும். அப்புடி எழுதித் தொலைச்சிருந்தேன்.

மூணாம் நாளு காலைல பத்து மணிக்கு ஜீப்பு. அக்கா அமுக்கிட்டாங்க. அப்பாவும் அவரு கட்சிக்காரங்க ரெண்டு பேரும் ஓடுனாங்க. மாமா வயலு ரோட்டோரம், ஆனா அவரு வயலோட அந்தக் கடைசில பம்புசெட்டு பக்கத்துல குனிஞ்சிருந்தாரு. அன்னிக்குன்னு கரண்டு இல்ல, பாட்டு கணீர்னு கேட்டுடுச்சு.

“எவன்டா என் இடுப்புல உக்காந்து ஓட்டு கேக்குறவன்?”

பேட்டரியப் புடுங்கி வாய்க்கால்ல வீசிட்டாரு. மத்த ரெண்டு பேரும் ‘அவனுங்க கட்சில எவனோ வர்றான் போல, அதான் பொட்டி பாடுது’ன்னு மோட்டார் ஆடுறதுக்குள்ள அமத்திட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. அங்க மச்சான் வயலுக்காக அப்பா தொண்ட கிழியக் கத்திக்கிட்டு நிக்குறாரு. மூணே பேரு. மாமா வயல்லயே கல்ல நட்டுட்டானுங்க.

சாயங்காலம் மாமா வந்தாரு. அறை விழும்னு கன்னத்த ரெடியா வெச்சிருந்தேன்.

“பாட்ட எடுத்துடுறேன் மாமா. வெறும் வைப்ரேஷன் மட்டும்...”

“எதுக்கு எடுக்குற? எங்க மூணு பொட்டில எங்க பாட்டப் போடு.”

“ஒரு பாட்டுக்காக வயல வுட்டியே மச்சான்”னு அப்பா ஆரம்பிச்சாரு.

“ஒழுங்கா கத்திட்டு இருந்தத பாட்டுக்காக மாத்துனது யாரு மச்சான்?”னு மாமா திருப்பிக் கேட்டாரு.

அப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

மூணு மூணா ரெண்டு பாட்டு ஏத்துனேன். மோட்டார் மொதல்ல ஆடுற மாதிரி ப்ரோக்ராம மாத்துனேன். அடுத்த தடவ ஜீப்பு வந்தப்ப ஆறு பேரும் ஆஜர், ரெண்டு பாட்டும் ஒண்ணா கத்துது. சர்வேக்காரன் காதப் பொத்திக்கிட்டு “இங்க என்னங்க, எலெக்சனா?”ன்னான். எந்தப் பொட்டி சத்தம் ஜாஸ்தின்னு அவங்களுக்குள்ளயே சண்ட. ஜீப்பு திரும்பிடுச்சு.

மாமா வயல்ல நட்ட கல்லு மட்டும் அங்கயே நிக்குது. புடுங்குனா போலீஸ் கேஸு. நடவு மிஷினு அதச் சுத்திதான் போவுது, அந்த எடத்துல மட்டும் நாத்து வரிசை கோணலா இருக்கும். அந்தப் பக்கம் போறப்ப நானும் அப்பாவும் எதிர்ப் பக்க வயலப் பாத்துக்கிட்டேதான் நடப்போம்.